ராட் கெனாலின் நாலாவது பாட்டு

மெட்டல் பாடப் போகிறேன் என்று இசக்கிசெல்வி வீட்டில் சொன்னபோது அம்மா கேட்ட முதல் கேள்வி, "எவர்சில்வராட்டி, பித்தளையாட்டி?" என்பதுதான். அம்மாவைக் குறை சொல்லிப் பயனில்லை. செல்வி வேலை பார்ப்பது திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் ஒரு பாத்திரக்கடையில். மகள் வாயிலிருந்து மெட்டல் என்று வந்தால் அம்மாவுக்கு வேறு என்ன தோன்றும்? அம்மாவே தம்பானூரில் ஒரு லாட்ஜில் அறைகளைக் கூட்டிப் பெருக்கிவிட்டு அப்போதுதான் வந்து காலை நீட்டியிருந்தாள்.

"அது ஒரு பாட்டும்மா."

"பாத்திரம் விக்கிறதுக்குப் பாட்டு வேறயா?"

அத்தோடு வீட்டில் அந்தப் பேச்சு முடிந்துபோனது. அப்பா வேல்சாமி சாப்பாட்டுத் தட்டிலிருந்து தலையைக்கூடத் தூக்கவில்லை.

செல்வி பாடியது சாதாரண மெட்டல்கூட இல்லை. அதிலேயே ஆகக் கடைசியில், மற்ற மெட்டல்காரர்களே காதைப் பொத்திக்கொள்ளும் ஓரத்தில் இருக்கும் வகை. அரவை மில் போல இரையும் கிதார், மூச்சுவிடாமல் விழும் டிரம்ஸ், அதற்குமேல் அடிவயிற்றிலிருந்து உறுமிக்கொண்டு வருகிற ஒரு குரல். அதைப் பாட்டு என்று ஒப்புக்கொள்ளாதவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். ஒப்புக்கொள்கிற திருவனந்தபுரத்துக்காரர்களை ஒரு மினி பஸ்ஸில் அடைத்துவிடலாம், பின் சீட்டு காலியாகவும் இருக்கும். அந்த மினி பஸ் கூட்டத்தில் பாத்திரக்கடைப் பெண் எப்படி ஏறினாள் என்று கேட்டால், யூடியூபில் ஏறினாள். வேறு கதை ஒன்றும் கிடையாது. ஒருநாள் கேட்டாள், பிடித்துப்போனது. இவ்வளவு கோபத்தை வெளியில் விட ஒரு இடம் உண்டா என்று ஆச்சரியப்பட்டாள்.

கோபத்துக்குக் காரணம் தேடி அலைய வேண்டாம். ஒரே ஒரு சொல்தான். பாண்டி.

தமிழ்நாட்டில் அது ஒரு ஆளின் பெயர், ஒரு விளையாட்டின் பெயர், ஒரு நாட்டின் பழைய பெயர். செங்கோட்டையைத் தாண்டி இந்தப் பக்கம் கேரளத்துக்குள் வந்துவிட்டால் அது தமிழர்களுக்கு வைத்த ஒரு வசவு. கேட்டால் வசவே இல்லை என்பார்கள், அதுதான் அதன் விசேஷம். செல்வி படித்தது அரசாங்க மலையாளப் பள்ளிக்கூடம். அவளுக்குக் குரல் கொஞ்சம் கனம். அதனால் வகுப்பில் அவளுக்கு வைத்த பெயர் 'பாண்டி லோறி'. தமிழ்நாட்டு லாரி ஹாரன் அடித்துக்கொண்டு வருகிற மாதிரிப் பேசுகிறாளாம். வாத்தியாரும் ஒருமுறை சிரித்தார். அன்றைக்கு அந்த வாத்தியாரைக் கடித்துக் குதறிவிடலாம் என்று இருந்தது அவளுக்கு. அதற்குப் பிறகு பத்தாம் வகுப்பு முடிகிறவரை தாழ்ந்த குரலிலேயே பேசினாள்.

அப்பாவுக்கு அந்தச் சொல் தினக்கூலியோடு சேர்ந்து வந்தது. சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து கல்யாணத்துக்கு முன்னால் வந்தவர். வீட்டு மேல்தளத்துக்குக் கான்கிரீட் ஊற்றும் வேலை. இந்த ஊரில் அதற்கு 'வார்க்க' என்று பெயர். "எடா பாண்டி, ஆ சட்டி எடுக்கெடா" என்று காண்டிராக்டர் கூப்பிடுவான். "ஆங், தா வரேன்" என்று அப்பா போவார். அவரைவிடப் பாதி வயதுப் பையன்களும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். ஒருநாளும் அவர் திருப்பி ஒரு வார்த்தை சொன்னதில்லை. சின்ன வயதில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும்போதெல்லாம் செல்வி இதைப் பார்த்திருக்கிறாள், பார்த்துவிட்டு வீடு வரும்வரை அப்பாமேல்தான் கோபப்பட்டிருக்கிறாள்.

அந்தக் குரலை அவள் மறுபடி எடுத்தது பாத்திரக்கடைக் கிட்டங்கியில். உறுமிப் பழக ஒரு இடம் வேண்டும். வீட்டில் முடியாது, தெருவில் முடியாது. கிட்டங்கியில் பிரியாணி அண்டாக்கள் வரிசையாக நிற்கும். மதியம் ஆளில்லாத நேரத்தில் ஒரு அண்டாவுக்குள் தலையை விட்டுக்கொண்டு உறுமுவாள். அண்டா திருப்பி உறுமும். கடை முதலாளி மகேஷ்குமார் ஒருதடவை அந்தச் சத்தத்தைக் கேட்டு, கிட்டங்கிக்குள் மாடு புகுந்துவிட்டது என்று கம்போடு ஓடி வந்தார். அண்டாவுக்குள்ளிருந்து செல்வியின் தலை வெளியே வந்ததும் கம்பைக் கீழே போட்டுவிட்டு, "உனக்கு மேலுக்கு ஒண்ணுமில்லையே?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார். நல்ல மனுஷன்.

பேண்டுக்குப் பெயர் ராட் கெனால். ஆரம்பித்தவன் அனந்தபத்மநாபன், பல் மருத்துவம் படித்தவன், கிதாரிஸ்ட். பல்லுக்கு வேர் சிகிச்சை செய்வதை ஆங்கிலத்தில் ரூட் கெனால் என்பார்களே, அந்தப் பெயரில் வேரைப் பிடுங்கிவிட்டு அழுகலை வைத்தான். அதைச் சொல்லிச் சொல்லி அவனே சிரிப்பான். பேஸ் கிதார் ஆர்யா, வித்துராக்காரி, அதிகம் பேசமாட்டாள். டிரம்ஸ் கிரிஷ், திருச்சூர்க்காரன், இங்கே ஒரு ஐடி கம்பெனியில் வேலை. கழக்கூட்டத்தில் அவன் குடியிருந்த வாடகை வீட்டின் கார் ஷெட்டுதான் பயிற்சிக் கூடம். பழைய பாடகன் கேரளத்துப் பையன்களின் வழக்கப்படி கனடாவுக்குப் போய்விட்டான். செல்வி மெசேஜ் அனுப்பினாள், வரச் சொன்னார்கள், போனாள். சுடிதாரோடு வந்து நின்ற பெண்ணைப் பார்த்து மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அவள் வாயைத் திறந்த பிறகு பார்ப்பதை நிறுத்தினார்கள்.

முதல் ரெக்கார்டில் இருந்ததெல்லாம் ஆங்கிலப் பாட்டுகள். வரிகள் அனந்தனுடையவை. சீழ், ஈறு, எலும்பு, சவக்கிடங்கு. பாதி அவனுடைய பாடப் புத்தகத்திலிருந்து அப்படியே எடுத்தது. ஆரம்பத்திலிருந்து முடிவுவரை ஒரே வேகம், வேறு எந்த ஊரில் யார் வாசித்தாலும் இதே மாதிரிதான் இருக்கும். செல்வி அந்த வரிகளுக்கு அர்த்தம் பார்த்துத்தான் பாடினாள், ஆனால் கேட்கிற யாருக்கும் ஒரு எழுத்தும் புரியாது. இந்த இசையில் அப்படித்தான், புரியக் கூடாது. அவளுக்கு அது வசதியாகவும் இருந்தது. யாருக்கும் புரியாமல் எவ்வளவு வேண்டுமானாலும் கத்தலாம்.

ஆனால் எவ்வளவு நாளைக்குத்தான் அடுத்தவன் ஈறைப் பற்றியே கத்துவது?

இரண்டாவது ரெக்கார்டுக்கு இந்தோனேசியாவில் சின்னதாகக் கேசட் போடும் ஒருவர் ஆர்வம் காட்டினார். நான்கே பாட்டு, சின்ன ரெக்கார்டு. மூன்று தயார். நாலாவது பாட்டை நான் எழுதுகிறேன் என்றாள் செல்வி. தமிழில் எழுதினாள். தமிழில் என்றால், தமிழ் எழுத்து அவளுக்குச் சரியாகத் தெரியாது, கடைப் பலகையை எழுத்துக்கூட்டிப் படிப்பாள், அவ்வளவுதான். தமிழை மலையாள எழுத்தில் எழுதினாள். அவள் தலைமுறையில் பாதிப் பேர் அப்படித்தான். வரிகள் முடியவில்லை, அதற்குள் அவசரப்பட்டு கிரிஷுக்கு வாட்ஸப்பில் ஒரு செய்தி அனுப்பினாள். புதுப் பாட்டு. பேர் பாண்டி. மெதுவாகத் தொடங்கணும், போகப்போக ஏறணும், கடைசியில் வெடிக்கணும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கார் ஷெட்டில் கிரிஷ் வாசித்துக் காட்டினான். செல்விக்கு மயிர்க்கூச்செறிந்தது. இத்தனை நாள் வெறும் வேகமாக இருந்தவன், இப்போது ஒவ்வொரு அடிக்கும் நடுவில் இடம் விட்டு, கனமாக, நடந்து வருகிற மாதிரி வாசித்தான். காலக்கணக்கு வழக்கமான நாலில் இல்லை. எங்கேயோ ஒரு கால் கூடுதலாக எடுத்து வைத்தது. பிறகு சுற்றுக்குச் சுற்று இறுகி, ஏறி, கடைசியில் ஷெட்டின் தகரக் கூரை அதிர்ந்தது.

"எத்தனையில வாசிக்கே?" என்று கேட்டாள்.

"ஏழில். பாண்டி ஏழிலல்லே வரணும்?"

"பாண்டி ஏழிலயா? எந்தப் பாண்டி?"

"பாண்டிமேளம், செல்வீ." கிரிஷ் பரிதாபமாகப் பார்த்தான். "நீயல்லே எழுதினே? மெதுவாத் தொடங்கி ஏறி வெடிக்கணும்னு. எங்க ஊர்ப் பூரத்துக்கு நீ வந்திருக்கியோ? நூறு செண்டை சேர்ந்து அடிக்கிறது கேட்டிருக்கியோ? மெட்டல் பேண்டுக்குப் பாண்டிமேளம்! இது ஏன் எனக்குத் தோணலைன்னு ராத்திரி முழுக்க யோசிச்சேன்."

செல்வி சிரித்தாள். சிரிப்பை அடக்க முடியாமல் ஆம்ப்ளிஃபயர் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். திருச்சூர்க்காரனுக்குப் பாண்டி என்றதும் முதலில் கோயில் மேளம் நினைவு வந்திருக்கிறது. அவன் ஊரில் அந்தப் பெயருக்கு யானை நிற்கும், குடை விரியும், ஜனம் கையை உயர்த்திக்கொண்டு ஆடும். அவளுக்கு லாரி.

பிறகு வரிகளைப் படித்துக் காட்டினாள். இந்த ஊருக்கு வீடு வார்த்தது யாரு? கிணறு வெட்டினது யாரு? சுவர் எழுப்பினது யாரு? ஒவ்வொரு கேள்விக்கும் ஒரே பதில்தான், பாண்டி. கிரிஷின் முகம் விழுந்துவிட்டது. ஆர்யா தரையைப் பார்த்தாள்.

"ஐயோ. நான் வேற எடுக்கிறேன், செல்வீ. ஏழு வேண்டாம். எனக்குத் தெரியலை, சத்தியமா."

"மாத்தினே, கொன்னு போட்டுடுவேன்," என்றாள் செல்வி. "அந்தச் சொல்லுக்கு உங்க ஊர்ல அப்படி ஒரு மரியாதை இருக்குல்லே? அதை எடுத்து இதுக்குமேல போடு. அப்படியே இருக்கட்டும்."

அனந்தன் மடியிலிருந்த கிதாரை இறக்கி ஓரமாக வைத்தான். இவனும் வீட்டில் தமிழ்தான் பேசுகிறவன். கோட்டைக்குள் அக்ரகாரத்தில் பிறந்து வளர்ந்தவன். ஆனால் செல்வியோடு ஒருநாளும் தமிழில் பேசியதில்லை, மலையாளம்தான். அவள் தமிழில் ஆரம்பித்தாலும் அவன் மலையாளத்திலேயே பதில் சொல்வான். இப்போதும் அப்படித்தான்.

"இது வேண்டாம். இது ஒரு சீத்த வாக்கு. கூட்டத்தில பாடினா பிரச்சினை வரும். ரெக்கார்டு கேக்கறவன் என்ன நினைப்பான்?"

"கெட்ட வார்த்தைன்னு எனக்குத் தெரியாதா? போன ரெக்கார்டு பூரா பிணத்தைப் பத்திப் பாடினோமே, அப்போ ஒண்ணும் நினைக்கலையா?"

"அது வேற. தமிழ்தான் வேணும்னா நல்லதா ஏதாவது போடலாம். இடையில ரெண்டு தவில் அடி சேர்த்தா, ஒரு ஃபோக் ஃபீல் வரும்..."

"எங்கப்பன் வார்க்க வேலைக்குப் போறவரு. தவில் அடிக்கப் போகலை."

அனந்தன் விடவில்லை. "நீ ரொம்பப் பெருசாக்கறே. நானும் தமிழ்தானே? இத்தனை வருஷத்தில என்னை ஒருத்தனும் அப்படி விளிச்சதில்லை."

செல்வி எழுந்து நின்றாள். "உன்னை ஏன் கூப்பிடப் போறான்? நீ சாமி. உங்க வீட்டுக்குக் கிணறு தூர் வார வந்தவனைக் கூப்பிட்டிருப்பான்."

பேண்டு அனந்தனுடையது, கிதார், ஆம்ப், மைக் எல்லாம் அவனுடையது, இந்தோனேசியாக்காரரோடு பேசுகிறவனும் அவன்தான். மூன்று பாட்டோடு ரெக்கார்டை அனுப்பலாம் என்றான். அந்தப் பாட்டு இல்லாத ரெக்கார்டில் என் குரலும் இருக்காது, மூன்றையும் நீயே உறுமிக்கொள் என்றாள் செல்வி. சொல்லிவிட்டு வெளியே வந்து பஸ் ஏறினாள். பஸ்ஸில் வரும்போது அழுகை வந்தது. அந்தப் பேண்டு இல்லையென்றால் அவளுக்கு அண்டாதான் மிச்சம்.

அவளிடம் அனந்தனின் மைக் ஒன்று இருந்தது. வீட்டில் பழகுவதற்காகக் கொடுத்தது. அடுத்தவன் பொருள் நமக்கெதற்கு என்று அதைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு ஒரு நாள் மதியம் கோட்டைக்குள் போனாள். அதுவரை அந்த வீட்டுக்கு அவள் போனதில்லை. கதவைத் திறந்தது அனந்தனின் அம்மா சீதாலக்ஷ்மி. அனந்தன் இருக்கானா என்று செல்வி தமிழில் கேட்டாள். அந்த அம்மாவின் முகத்தில் கள்ளம் துளியும் கிடையாது. உள்ளே திரும்பி, தெருவுக்கே கேட்கிற மாதிரிக் கூப்பிட்டாள்.

"அனந்தூ! ஒன்னைத் தேடிண்டு ஒரு பாண்டிக் குட்டி வந்திருக்கா, பாரு. தமிழ் நன்னாப் பேசறா!"

அந்த அம்மா அதைச் சொன்னதும் தமிழில்தான். செல்விக்குச் சிரிப்புதான் வந்தது. மாடிப்படியில் பாதி இறங்கிய அனந்தன் அங்கேயே நின்றுவிட்டான். காது மடல் வரைக்கும் சிவந்திருந்தது.

"அம்மா, அவ பேரு செல்வி," என்றான்.

"ஆமா, பேரு கேக்கலை பாரு நான். உள்ள வாயேன்மா, காப்பி சாப்பிடறியோ?"

வேண்டாம் என்று சொல்லி, மைக்கை அவன் கையில் கொடுத்துவிட்டு நடந்தாள். பின்னாலேயே அவன் செருப்புக்கூட இல்லாமல் ஓடி வந்தான். தெருமுனையில் பிடித்தான். முதல்முறையாக அவளிடம் தமிழில் பேசினான்.

"செல்வி, அவா வேணும்னு சொல்லலை."

"தெரியும். யாருமே வேணும்னு சொல்றதில்லை."

வெயிலில் வெறுங்காலை மாற்றி மாற்றி வைத்தான். நல்லவனாகிவிட்டான் என்று நினைத்துவிட வேண்டாம். அவன் கணக்கு அவனுக்கு. "வழுதக்காட்டுல நமக்கு ஒரு ஷோ வருதே, அதில வாசிச்சுப் பாக்கலாம். அன்னைக்கு எல்லாத்தையும் பதிவு பண்றோம். பிரச்சினை இல்லாமப் போச்சுன்னா ரெக்கார்டில வைக்கலாம். ஏதாவது ஆச்சுன்னா மூணு பாட்டுதான். நீ சம்மதிக்கணும்."

செல்வி சம்மதித்தாள். மைக்கைத் திருப்பி வாங்கிக்கொண்டாள்.

ஷோவுக்கு முன்னால் அவள் இன்னொன்றை மாற்றினாள். உறுமினால் ஒரு சொல்லும் புரியாது. சீழுக்கும் ஈறுக்கும் அது சரி, இந்தக் கேள்விகளுக்குச் சரிப்படாது. உறுமலை வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டு, ஒவ்வொரு சொல்லும் வெட்டுத் தெரிய வெளியே வரும்படி பழகினாள். தொண்டை புண்ணாகி, கடையில் வாடிக்கையாளர்களிடம் சைகையில் விலை சொன்னாள். மகேஷ்குமார் வாங்கிக் கொடுத்த மாத்திரையால்தான் தேறினாள். ஷோவுக்கு வாருங்கள் என்று அப்பாவிடமும் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், அதே பக்கத்தில்தான் அவருக்கு வேலை. பாட்டின் பெயரை மட்டும் சொல்லவில்லை. சொல்லத் தைரியம் வரவில்லை.

வழுதக்காட்டில் ஒரு பழைய மண்டபம். முழங்கால் உயர மேடை. கறுப்பு பனியன் போட்ட மினி பஸ் கூட்டத்தோடு கல்லூரிப் பிள்ளைகளும் கொஞ்சம் சேர்ந்து மண்டபம் பாதிக்குமேல் நிறைந்திருந்தது. பழைய பாட்டுகள் வழக்கம்போலப் போயின. கடைசியாகப் பாண்டி. கிரிஷ் ஏழில் மெதுவாகத் தொடங்கியதும் கூட்டம் குழம்பியது, ஆடத் தெரியாமல் நின்றது. இரண்டு மூன்று பேர் அந்தக் கணக்கை அடையாளம் கண்டுகொண்டு, பூரத்தில் செய்வதுபோலக் கையை மேலே தூக்கி வீசத் தொடங்கினார்கள். பிறகு எல்லோரும் வீசினார்கள். செல்வி கேட்டாள், இந்த ஊருக்கு வீடு வார்த்தது யாரு? முதல் சுற்றில் அவளே பதில் சொன்னாள். இரண்டாம் சுற்றில் கூட்டம் சொன்னது. பாட்டு முடிந்ததும் விடமாட்டோம் என்றார்கள். இன்னொருதடவை வேண்டும் என்று மொத்த மண்டபமும் காலைத் தரையில் உதைத்துக்கொண்டு கத்தியது. பாண்டி! பாண்டி! பாண்டி!

செல்வி அனந்தனைப் பார்த்தாள். அவன் சிரித்துக்கொண்டிருந்தான். நாலாவது பாட்டு உள்ளே வந்தாயிற்று.

அப்போதுதான் வாசல் பக்கம் ஒரு கலவரம். வேல்சாமி வேலை முடிந்து நேராக வந்திருந்தார். சட்டையெல்லாம் சிமென்ட். கையில் சாப்பாட்டுத் தூக்கு. அவர் கண்டது இதுதான்: மேடையில் தனியாக அவர் மகள், கீழே இத்தனை மலையாளத்துப் பையன்கள், அத்தனை பேரும் அவளைப் பார்த்துக் கையை ஓங்கி ஓங்கிப் பாண்டி, பாண்டி என்கிறார்கள்.

அவரைத் தடுக்க ஆளில்லை. கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தார். முன்வரிசையில் இடுப்புவரை முடி வளர்த்த ஒரு ஒல்லிப் பையனின் பனியனைக் கொத்தாகப் பிடித்தார்.

"எவம்ல அது? எவம்ல எம் மகளப் பாண்டிங்கது? இன்னொருக்கச் சொல்லுல பாப்பம்!"

"அங்கிளே, பாட்டாணு! பாட்டு!" என்று அந்தப் பையன் கதறினான்.

கூட்டம் பின்வாங்கியது. இரண்டு பேர் அவர் தோளைப் பிடித்து இழுத்தார்கள், அவர் தூக்கை வீசினார், குழம்பு தெறித்தது. அனந்தனின் சிரிப்பு போய்விட்டது. பார்த்தாயா என்பதுபோல அவளைப் பார்த்தான். செல்வி மேடையிலிருந்து குதித்தாள்.

"அப்பா, விடுங்க. அவன விடுங்கப்பா. அது பாட்டுப் பேரு. நான் வெச்ச பேரு."

வேல்சாமி பையனை விட்டுவிட்டார். விட்டது நல்லதற்கா என்று செல்விக்குத் தெரியவில்லை. அவர் முகம் அப்படி இருந்தது.

"நீயா வெச்சே?"

"ஆமாப்பா."

"நான் வாங்கித் தின்னது காணாதாட்டி? அத நீ மைக்கு வெச்சு வேற சொல்லணுமா? இத்தன பேரு வாயில போட்டுக் குடுக்கணுமா?"

அந்தச் சொல்லை ஆயுதமாக எடுத்துவிட்டோம் என்று அவள் நினைத்திருந்தாள். அப்பாவுக்கு அது இன்னும் அதே அடிதான், இப்போது மகள் கையால் விழுகிறது. மண்டபமே பார்த்துக்கொண்டிருந்தது. இப்போது மைக்கைக் கீழே வைத்தால் பாட்டு போயிற்று, அப்பா இனி அவள் பாட்டைக் கேட்கவும் போவதில்லை.

"கிரிஷ், எடு," என்றாள்.

"வேண்டா, செல்வி," என்றான் அனந்தன் மேடையிலிருந்து.

"கிரிஷ், நீ எடு."

கிரிஷ் எடுத்தான். ஏழில், மெதுவாக. ஆர்யாவின் பேஸ் அதன் அடியில் வந்து சேர்ந்தது. செல்வி மேடைக்கு ஏறவில்லை. அப்பாவின் முன்னால் நின்றுகொண்டு, உறுமாமல், சொந்தக் குரலில், பள்ளிக்கூடத்தில் தாழ்த்திக்கொண்ட அந்தக் கனத்த குரலில் கேட்டாள்.

"இந்த ஊருக்கு வீடு வார்த்தது யாரு?"

கூட்டம் வாயைத் திறக்கும் முன் அவள் மைக்கை அப்பாவின் வாய்க்கு நேராகப் பிடித்தாள். அவர் அதை ஒருமுறை பார்த்தார், அவளை ஒருமுறை பார்த்தார். கிரிஷ் ஒரு சுற்று முடித்து அடுத்த சுற்று தொடங்கினான்.

"யாரு வார்த்தது?"

"நாந்தாண்டி வார்த்தேன்," என்றார் அவர். "வேல்சாமி."

ஸ்பீக்கரில் அவர் பெயர் மண்டபம் முழுக்கக் கேட்டது. அவரே திடுக்கிட்டார்.

"கிணறு வெட்டினது யாரு?"

"நயினாரு. பேயாடு ஊர்ல வெட்டினான். மண்ணு சரிஞ்சு அதுக்குள்ளயே போனான்."

"சுவரு எழுப்பினது யாரு?"

"உச்சிமாகாளி. எங்க மேஸ்திரி."

டிரம்ஸ் ஏறியது. அனந்தனின் கிதார் எப்போது உள்ளே வந்தது என்று செல்விக்குத் தெரியாது, வந்திருந்தது. அவள் கேட்கக் கேட்க அவர் பெயர் சொன்னார். அவளுடைய கேள்விகள் பாட்டில் எழுதியதைத் தாண்டிப் போய்விட்டன. பாலம் கட்டினது யாரு, ஓடை தோண்டினது யாரு, கல்லு சுமந்தது யாரு. அவருக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. சிலருக்கு ஊரும் சேர்த்துச் சொன்னார். பிறகு கூட்டமும் ஒவ்வொரு பெயரையும் அவருக்குப் பின்னால் திருப்பிச் சொன்னது. அந்த ஒல்லிப் பையனும் சொன்னான்.

ரெக்கார்டில் அந்தப் பாட்டு அன்றைக்குப் பதிவானபடியே இருக்கிறது. மற்ற மூன்று பாட்டையும் சேர்த்தாலும் அந்த ஒரு பாட்டின் நீளம் வராது. சுருக்கித் தர முடியுமா என்று இந்தோனேசியாக்காரர் கேட்டாராம். ஒரு பெயரைக்கூட எடுக்க முடியாது என்று எழுதியது அனந்தன். உலகத்தில் எங்கெங்கோ இருக்கிற மெட்டல்காரர்கள் கேட்டுவிட்டு, பேண்டின் சவுண்டு தலைகீழாக மாறிவிட்டது, இது என்ன தாளம், என்ன மொழி என்று இணையத்தில் எழுதுகிறார்கள். கேசட்டைக் கடைசிவரை ஓடவிட்டால் கிதார் நிற்கும், பேஸ் நிற்கும், டிரம்ஸும் நிற்கும். கேட்பதற்குக் கேள்வி இல்லாமல் ஒரு பெண் மூச்சு வாங்குவது கேட்கும். அதற்குப் பிறகு ஒரு ஆணின் குரல், இன்னும் தீராத கோபத்தோடு:

"ஏன் நிறுத்திட்ட? கேளுட்டி. இன்னும் ஆளு இருக்கு."